வரைபடத்துப் புள்ளி கொண்டக்டரா, பஸ்ஸா?

மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விபரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கட்டாரில் இருக்கும் அண்ணன், விடுமுறையில் வந்தபோது தங்கைக்கு எயார்பொட்ஸ் புரோ இரண்டாம் தலைமுறை இயர்பட்ஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து கல்முனை போகும் தனியார் பஸ்ஸில் ஏறியவர், கல்லடிப் பாலம் தாண்டியும் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஆரையம்பதியில் சனம் நெரிந்ததும் இயர்பட்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கைப்பையின் வெளிப்பக்கப் பைக்குள் வைத்தாராம். களுவாஞ்சிக்குடியில் இறங்கி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெளிப்பையின் சிப் திறந்து கிடக்கிறது, பெட்டியைக் காணோம்.

அன்றிரவே ஐபோனில், தொலைந்த பொருளை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும் 'ஃபைண்ட் மை' செயலியைத் திறந்தார். களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே வேறோர் ஊரில், ஓர் ஒழுங்கைக்குள் புள்ளி நின்றது. அண்ணனின் கூட்டாளிகள் விசாரித்ததில், அந்த பஸ்ஸின் கொண்டக்டர் குடியிருப்பது அதே ஒழுங்கை என்று தெரிந்துவிட்டது. "அவன்ட வீட்டுக்குள்ளதான் காட்டுது. அவன்தான் எடுத்தவன், சந்தேகமே இல்ல" என்கிறது கடிதம். பொலிஸில் என்ட்ரி போடப் போனால், "ஹெட்செட்டுக்கெல்லாம் முறைப்பாடா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அண்ணன் கட்டாரிலிருந்து வொய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுகிறார். கூட்டாளிகள் நான்கு பேர் இரவோடிரவாக அந்த வீட்டுக்குப் போகத் தயார். மச்சாள் ஒருத்தி, கொண்டக்டரின் படத்துக்கு மேல் 'கள்ளன்' என்று எழுதி முகநூலில் போடத் தயார்.

அவர் கேட்பது மூன்று. புள்ளியைக் காட்டி, பொலிஸை வைத்து அந்த வீட்டைச் சோதிக்கலாமா? நாங்களே போய்க் கேட்டால் குற்றமா? முகநூலில் போடலாமா? கடிதத்தோடு ஒன்பது ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்பியிருக்கிறார்.

கடிதம் கிடைத்தது வியாழக்கிழமை. காத்திருக்கக்கூடிய விடயம் இல்லை என்பதால் அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மகள், உங்கள் வயதில் எனக்கும் ஒரு பிள்ளை இருப்பதால் அப்படியே கூப்பிடுகிறேன். உங்கள் ஒன்பது ஸ்கிரீன்ஷொட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடிதத்தைவிட அவைதான் கூடுதலாகப் பேசுகின்றன. திங்கள் இரவு 9.10க்கும் 10.30க்கும் எடுத்த இரண்டிலும் அந்த ஒழுங்கை. செவ்வாய் விடிய 5.25க்கும் அதே ஒழுங்கை. 7.50க்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பக்கம். 11.30க்குக் கல்முனை. பின்னேரம் 4.45க்குக் கல்லடி. இரவு 9 மணிக்குத் திரும்பவும் ஒழுங்கை. "அவன் என்ட பொருளைப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒரு பஸ்ஸின் ஒரு நாள் ஓட்டம் என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா?

எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்கள் இரவில் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளியின் வளவில், இல்லாவிட்டால் ட்ரைவரோ கொண்டக்டரோ குடியிருக்கும் ஒழுங்கை முகப்பில். விடிய அங்கிருந்துதான் வெளிக்கிடும். கொண்டக்டரும் பஸ்ஸும் காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு பொருட்கள். புள்ளிக்கு அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரியாது. உங்கள் பெட்டி அவருடைய பொக்கற்றிலும் இருக்கலாம்; நீங்கள் இருந்த சீற்றுக்கும் பக்கத் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விழுந்து, மூன்று நாளாகக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் காசு கொடுக்காமல் பயணம் செய்துகொண்டும் இருக்கலாம்.

"புதன்கிழமை பகல் முழுக்க வீட்டிலேயே காட்டியது, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்பீர்கள். கடைசி இரண்டு ஸ்கிரீன்ஷொட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். போனின் மேல் மூலையில் காலை 11 மணி என்றிருக்கிறது. இயர்பட்ஸ் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்து: 5 மணித்தியாலத்துக்கு முன். அடுத்ததில் மேலே பிற்பகல் 3 மணி, கீழே 9 மணித்தியாலத்துக்கு முன். இரண்டும் விடிய 6 மணிக்குக் கண்ட அந்த ஒரே தடவையைத்தான் சொல்கின்றன. அதற்குப் பிறகு யாரும் காணவில்லை, அதனால் புள்ளி அசையவில்லை. உங்களை அறியாமல் பழைய செய்தியை இரண்டு தடவை படம் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

புள்ளி எங்கிருந்து வருகிறது

இயர்பட்ஸுக்குள் ஜிபிஎஸ் இல்லை. சிம்மும் இல்லை. உங்களுடைய வகையின் பெட்டி புளூடூத்தில் ஒரு மெல்லிய குறிப்பை விட்டு விட்டு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வழியால் போகும் யாரோ ஒருவரின் ஐபோன், அவருக்கே தெரியாமல் அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை மறைகுறியாக்கி அனுப்பும். அதைத் திறந்து பார்க்கும் சாவி உங்கள் கணக்கிடம் மட்டும்தான். ஆக வரைபடத்தில் தெரிவது, உங்கள் பெட்டியைக் கேட்ட போன் நின்ற இடம். புளூடூத் சாதாரணமாகவே சில மீற்றர்களுக்குக் கேட்கும், வெளியில் இன்னும் கூட. அதோடு போனின் சொந்தப் பிழையையும் கூட்டுங்கள். மதிலோடு மதில் ஒட்டிய எங்கள் ஒழுங்கைகளில் அந்தத் தூரத்துக்குள் மூன்று நான்கு வீடுகள் வந்துவிடும். ஐபோன்காரர் குறைந்த ஊரென்றால் மணிக்கணக்கில் புள்ளி அசையாமலும் கிடக்கும்.

இதே விதத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். கொழும்பில் இருந்தபோது தன் இயர்பட்ஸ் மட்டக்களப்பில் தங்கையின் பக்கத்து வீட்டில் இருப்பதாகப் போன் காட்டியது. மச்சானுக்கு அடித்துச் சொல்ல, மச்சான் போய்ப் பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டார். பொருள் எங்கே இருந்தது தெரியுமா? இவர் தங்கை வீட்டில் விட்டுப்போன ஸ்கூட்டரின் சீற்றுக்கடியில், ஹெல்மெட்டோடு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஐபோன் வைத்திருந்த பிள்ளை இருந்ததால் புள்ளி அங்கே விழுந்திருக்கிறது. அந்த இரண்டு வீடும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

முதலில் பஸ்ஸைப் பிடியுங்கள்

பெட்டியில் சார்ஜ் இறங்கிவிட்டால் இந்தக் குறிப்பும் நின்றுவிடும். அதனால் பொலிஸ், வழக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அந்த பஸ் முறைக்குக் காத்து நிற்கும் நேரம் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போங்கள். பஸ் வெளிக்கிட முதல் போவது முக்கியம். வெளிக்கிட்டால் பாட்டைப் போட்டுவிடுவார்கள், எங்கள் பஸ்ஸில் அந்தச் சத்தத்துக்குள் குண்டு வெடித்தாலும் கேட்காது. கொண்டக்டரிடம், "தம்பி, திங்கக்கிழமை பின்னேரம் இந்த பஸ்ல ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி விழுந்திட்டு. சீற்றுக்குக் கீழ ஒருக்காப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். 'விழுந்திட்டு' என்ற சொல்லை மாற்ற வேண்டாம். எடுத்தவராக இருந்தாலும், மரியாதையோடு திருப்பித் தர ஒரு வாசலை அந்தச் சொல் திறந்து வைக்கிறது.

சீற்றடிக்குப் போய்ச் செயலியில் ஒலி எழுப்பும் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் வகையில் பெட்டியின் அடியிலேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, மூடியிருந்தாலும் கீச்சிடும். உங்களுடையது ஐபோன் 13 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் தூரம் அறியும் மின்னணுச் சில்லு பெட்டியிலும் இருப்பதால், கிட்டப் போனதும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று அம்புக்குறியே காட்டும். சீற் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், பக்கத் தகர இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள்.

போகுமுன் செயலியில் அதைத் 'தொலைந்தது' என்று குறித்து ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவையுங்கள். உங்கள் இலக்கம் வேண்டாம், மாமாவுடையதோ அப்பாவுடையதோ போதும். பெண்பிள்ளையின் நம்பர் முன்பின் தெரியாதவர் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இலக்கத்துக்கு 'உங்கள் பொருள் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல்லைப் போடுங்கள்' என்று செய்தி வந்தால் அது ஏமாற்று. முற்பணம் கேட்டாலும் அப்படித்தான். இன்னொன்று, கோபத்தில் அந்த இயர்பட்ஸை உங்கள் கணக்கிலிருந்து அகற்றிவிடாதீர்கள். அகற்றினால் தேடவும் முடியாது, எடுத்தவர் தன்னுடையதாகப் பதியவும் வழி விட்டதாகிவிடும்.

பொலிஸிடம் எதைக் கேட்கலாம்

"சின்னப் பொருள், முறைப்பாடு எடுக்க மாட்டோம்" என்று சட்டத்தில் எங்கும் இல்லை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வாய்மொழியாகச் சொல்லும் தகவலை எழுத்தில் எடுத்து, உங்களுக்கு வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி; வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். மறுத்தால் நிலையப் பொறுப்பதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். அங்கும் சரிவராவிட்டால் எழுத்தில் முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டில் 'கொண்டக்டர் களவெடுத்தார்' என்று சொல்லாதீர்கள், அதை நீங்கள் காணவில்லை. ஏறிய நேரம், பஸ் இலக்கம், இருந்த சீற், கடைசியாகக் கண்ட இடம், புள்ளி நின்ற இடங்களும் நேரங்களும், இவ்வளவும் போதும். தொடரிலக்கமும் தேவை. அது இயர்பட்ஸ் வந்த மட்டைப் பெட்டியில் இருக்கும், ஃபைண்ட் மையிலோ உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலிலோ பார்க்கலாம். சார்ஜ் பெட்டி மூடியின் உட்பக்கத்திலும்கூட எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். நாளை இரண்டு பேர் 'என்னுடையது' என்று நின்றால், வெளிச்சத்தில் பிடித்து வாசித்து ஒப்பிடலாம். அண்ணனிடம் கடை பில்லை வட்ஸ்அப்பில் வாங்கிவையுங்கள். பில் அவர் பெயரில் இருப்பதால் பிரச்சினை இல்லை, தங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் சரி.

யாரோ ஐஎம்இஐ இலக்கம் கொடுத்தால் பிடித்துவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சிம் போடும் போன்களுக்கு. இயர்பட்ஸுக்கு அந்த இலக்கமே கிடையாது. 'பொலிஸ் அப்பிள் நிறுவனத்திடம் கேட்டு இடத்தை எடுக்கலாம்தானே' என்பதும் சரிவராது. இடத்தைத் திறக்கும் சாவி உங்கள் கணக்கில் மட்டும் இருப்பதால் அந்த நிறுவனத்துக்கே அது தெரியாது.

இனி முதலாவது கேள்வி. வீட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் பொதுவாக நீதவானின் தேடுதல் ஆணை வேண்டும். நான்கு வீட்டுக்கு நடுவே நிற்கும் புள்ளியை மட்டும் காட்டி அதைப் பெறுவது இலகு இல்லை. ஆனால் பொலிஸ் அந்தப் பொடியனைக் கூப்பிட்டு விசாரிக்க அது தாராளமாகப் போதும். புள்ளியை ஒரு துப்பாகக் கொடுங்கள், தீர்ப்பாகக் கொடுக்காதீர்கள். சட்டத்தில் எடை கூடுவது பொருள் ஒருவர் கைவசம் அகப்படும்போதுதான். களவுபோன பொருள் சிறிது காலத்துக்குள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் கணக்குச் சொல்லாவிட்டால், அவரே எடுத்தவர் அல்லது களவென்று தெரிந்து வாங்கியவர் என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவு சொல்கிறது.

களவா, கண்டெடுத்ததா?

உங்கள் பையின் சிப்பை யாரோ திறந்து எடுத்திருந்தால் அது களவு. தண்டனைச் சட்டக்கோவையின் 367 ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சிப் சரியாகப் பூட்டாமல் தானாக விழுந்ததை ஒருவர் எடுத்திருந்தால் கதை வேறு. கண்டெடுப்பது குற்றமில்லை. உரியவரிடம் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருப்பதும் குற்றமில்லை. உரியவரைத் தெரிந்தும், அல்லது தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல், தனதாக்கிக்கொண்டால்தான் 386 ஆம் பிரிவின்கீழ் நேர்மையீனமான கையாடல். அதற்கு 2 ஆண்டு வரை. பஸ்ஸில் யாரோ விட்டுப்போனதை கொண்டக்டர் எடுத்து ட்ரைவரின் டாஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருந்தால், அந்தப் பொடியன் செய்தது சரியான வேலை. நாளைக்கு நீங்கள் அவரைக் கள்ளன் என்று சொல்லியிருந்தால் எந்த முகத்தோடு வாங்குவீர்கள்?

கல்முனையில் ஏதாவது போன் கடையில் விற்பனைக்கு வந்ததாகக் கேள்விப்பட்டால் நீங்கள் போய்ப் பறிக்காதீர்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள். களவுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது. பொருளைப் பொலிஸ் கைப்பற்றினால் நீதவானுக்கு அறிக்கை போகும், அவர் கட்டளை போட்டபின்தான் கைக்கு வரும். இரண்டு மூன்று தவணை நீதிமன்றப் படி ஏறத் தயாராக இருங்கள். இதற்குச் சட்டத்தரணி பிடித்தால் பீஸ் இயர்பட்ஸ் விலையைத் தாண்டிவிடும். என் தொழிலுக்கு விரோதமாகத்தான் சொல்கிறேன்.

அந்த நான்கு பேரும், மச்சாளும்

கூடாது. இரவில் நான்கு ஆண்கள் இன்னொருவரின் வளவுக்குள் போனால், போன காரணத்தை யாரும் கேட்கப்போவதில்லை. பயமுறுத்தவோ அவமதிக்கவோ எண்ணி நுழைந்தால் அது அத்துமீறல், கை நீண்டால் காயம், வாய் நீண்டால் குற்றமுறையான பயமுறுத்தல். வழக்கில் முறைப்பாட்டாளர் அவர், எதிரிகள் நீங்கள். அதிலும் ஒரு ஊர்ப் பொடியன்கள் கூட்டமாக அடுத்த ஊர் ஒழுங்கைக்குள் இறங்குவதை எங்கள் கரையோரத்தில் யாரும் இயர்பட்ஸ் பிரச்சினையாகப் பார்க்க மாட்டார்கள். அது எங்கே போய் நிற்கும் என்று உங்கள் வாப்பாமார், அப்பாமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

முகநூலும் அப்படித்தான். குற்றவியல் அவதூறு 2002 இலேயே நீக்கப்பட்டதால் 'சிறை இல்லைத்தானே' என்று சிலர் நினைக்கிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குப் போட இன்றும் எந்தத் தடையும் இல்லை. பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதற்கு எதிராக 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. சீற்றடியில் பெட்டி கிடைத்தால் 'கள்ளன்' என்ற அந்தச் சொல் முழுப் பொய்யாகிவிடும், மச்சாள் அழித்தாலும் ஸ்கிரீன்ஷொட் அழியாது. 'இன்ன பஸ்ஸில், இன்ன நேரம் வெள்ளைப் பெட்டி தொலைந்தது, கண்டவர் அறியத்தரவும்' என்று ஆள் பெயர் இல்லாமல் தாராளமாகப் போடலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். எல்லா இயர்பட்ஸுக்கும் இந்த வசதி இல்லை. சம்சுங் வகைக்கு அவர்களுடைய ஸ்மார்ட்திங்ஸ் செயலி, அன்ட்ரொய்டில் பொருந்தும் சில வகைகளுக்குக் கூகுளின் ஃபைண்ட் ஹப் உண்டு. மலிவு வகைகள் கடைசியாக உங்கள் போனோடு இணைந்திருந்த இடத்துக்கு மேல் எதுவும் சொல்லாது. பெரும்பாலானவை பெட்டிக்குள் போட்டு மூடியதும் மௌனம். வாங்கிய அன்றே தொடரிலக்கத்தைப் படம் எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

கடைசியாக ஒன்று, மகள். அண்ணனை வொய்ஸ் மெசேஜ் அனுப்புவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பியதில் ஒன்றைக் கேட்டேன். "கையைக் காலை முறிச்சாவது வாங்குங்கடா" என்கிறார். அந்த ஒழுங்கையில் ஏதாவது நடந்தால் பொலிஸ் முதலில் கேட்பது அந்தக் குரலைத்தான், அடுத்த விடுமுறைக்கு அவர் கட்டுநாயக்காவில் வந்து இறங்கவும் வேண்டும்.